அந்தக் குழுவுக்கு மட்டும் 12.1

"குழுவா விட்டா ஒருத்தன் செய்வான், ஒருத்தி எழுதுவா, மிச்ச ரெண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துட்டு நிப்பாங்க. அதுக்கு நானே முன்னாடி நின்னு செஞ்சு காட்டிட்டுப் போயிடறேன், நேரமாவது மிச்சம்." லேபில் பிள்ளைகளைக் குழுவாகச் சோதனை செய்யவிடுவதைப் பற்றி, என்னோடு இயற்பியல் எடுக்கும் ஆசிரியர் ஒருவர் இதைச் சொல்லி ரொம்ப நாளாகிறது. அவர் சோம்பேறி இல்லை, பிள்ளைகள்மேல் அக்கறை இல்லாதவரும் இல்லை, அதனால்தான் அந்தப் பேச்சு மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. மறுக்கவும் முடியவில்லை, ஒத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. ஏன் மறுக்க முடியவில்லை என்றால், உயர்நிலை வகுப்பு லேப் ஒன்றின் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாலே அவர் சொன்ன காட்சி அப்படியே கண்ணில் படும். ஒவ்வொரு மேசையிலும் கருவிமேல் ஒரே ஒரு ஜோடிக் கைதான் இருக்கும். மற்ற கைகள் பேனாவில் இருக்கும், பாக்கெட்டில் இருக்கும், பக்கத்துப் பிள்ளையின் தோளில் இருக்கும். இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் எழுதுகிற கைகூடத் தன் மேசையின் ரீடிங்கை எழுதவில்லை, பக்கத்து மேசை நோட்டைப் பார்த்து எழுதுகிறது என்பதும் தெரியும்.

ஆக, அவர் பார்த்தது சரி. அதிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் எனக்குச் சண்டை. பிள்ளைகள் சேர்ந்து நின்றதால் இப்படி ஆனது என்கிறார் அவர். சேர்ந்து நின்று செய்ய அங்கே எதுவுமே இல்லாததால் இப்படி ஆனது என்கிறேன் நான். இதை அவரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்தான், ஆனால் அப்படிச் சொன்னால் அது வெறும் வாய்ச்சவடாலாகப் போய்விடும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கயிறு இழுத்தவர்கள்

குழுவில் ஆள் கூடினால் ஒவ்வொருவரின் உழைப்பும் குறையும் என்பது பள்ளிக்கூடத்துக்கு வெளியே எப்போதோ அளக்கப்பட்ட விஷயம். பிரான்சைச் சேர்ந்த வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் 1880களில் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்துப் பார்த்தார், முடிவுகளை வெளியிட்டது 1913இல். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது கிடைத்த விசை, எட்டுப் பேரும் தனித்தனியாக இழுத்தால் கிடைக்கக்கூடிய மொத்த விசையில் சுமார் பாதிதான். ஒரே நேரத்தில் சேர்ந்து இழுக்க முடியாமல் வீணாகும் விசையும் அதில் உண்டு, ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1979இல் பிப் லாட்டனேயும் அவருடைய சகாக்களும் ஆட்களைக் கைதட்டவும் கத்தவும் சொல்லி அளந்தார்கள். கூட்டத்தில் இருக்கிறோம் என்று நினைத்தாலே மனிதர்கள் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். அடுத்த கட்டத்தில் அதே ஆராய்ச்சியாளர்கள் கண்டுகொண்டதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: யார் எவ்வளவு சத்தம் போட்டார் என்பது தனித்தனியே தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டால், அந்தச் சோம்பல் காணாமல் போய்விடுகிறது.

ஜன்னலைப் பார்க்கிற அந்த இரண்டு பேரையும் இதை வைத்துப் பாருங்கள். அவர்கள் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோட்டில் ஒரே எண்தான் வரப்போகிறது. இன்னொன்றும் இருக்கிறது. வழக்கமான செய்முறைத் தாளில் நோக்கம், தேவையான பொருள்கள், சூத்திரம், செய்முறை என்று எல்லாமே அச்சாகியிருக்கும். அட்டவணைக்குக் கட்டம்கூடப் போட்டிருக்கும், காலியாக இருப்பது எண்கள் மட்டும்தான். பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தை, அதாவது ஜி-யை, அளக்கிற சோதனை என்றால் விடை 9.8க்குப் பக்கத்தில் வரவேண்டும் என்பது உள்ளே நுழையும் முன்பே எல்லோருக்கும் தெரியும். இந்த வேலைக்கு ஒரு ஜோடிக் கை போதும், மூளை அரைவாசி தூங்கினாலும் நடக்கும். ஒருவர் செய்கிற வேலையை நான்கு பேரிடம் கொடுத்துவிட்டு மூன்று பேர் சும்மா நிற்கிறார்கள் என்று குறைப்பட்டால் எப்படி? அவர்கள் கணக்கு சரியாகத் தெரிந்தவர்கள்.

ஊசல்

அதனால் தனி ஊசலை எடுத்துக்கொண்டேன். கேட்டதும் கொட்டாவி வருகிற சோதனை என்பதால்தான் அதையே எடுத்தேன். செய்முறைத் தாள் கிடையாது. நூல், குண்டு, தாங்கி, அளவுகோல், ஸ்டாப்வாட்ச், மேசைக்கு மூன்று பேர். அலைவுநேரத்துக்கான, அதாவது ஊசல் ஒருமுறை போய்த் திரும்பிவர ஆகும் நேரத்துக்கான, சூத்திரமும் அது எங்கிருந்து வருகிறது என்பதும் முந்தைய வாரமே நடத்தியாகிவிட்டது. கரும்பலகையில் நான் எழுதியது இவ்வளவுதான்: ஒரு மீட்டர் ஊசலை வைத்து ஜி-யின் மதிப்பைக் கண்டுபிடியுங்கள். பக்கத்து மேசையின் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏன் என்று கண்டுபிடித்து, முறையைத் திருத்தி, மறுபடி செய்யுங்கள்.

அந்தக் கடைசி வரி என் சொந்தச் சரக்கு இல்லை. நடாஷா ஹோம்ஸ், கார்ல் வீமன், டக் பான் மூவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கல்லூரி முதலாண்டு இயற்பியல் லேபில் ஒரு தொகுதி மாணவர்களிடம் "ஒப்பிடு, அப்புறம் அதன்படி முறையை மேம்படுத்து" என்பதை மட்டும் திரும்பத் திரும்பப் பழக்கினார்கள். வழக்கமான முறையில் படித்தவர்களைவிட இவர்கள், யாரும் சொல்லாமல் தாமாகவே முறையைத் திருத்துவதற்கான வாய்ப்பு 12 மடங்கு கூடியிருந்தது. புதுக் கருவியோ கணினியோ எதுவும் வாங்கவில்லை. கேட்ட கேள்வியைத்தான் மாற்றினார்கள்.

சரி, அன்று நடந்ததுக்கு வருகிறேன். மூலையில் ஒரு மேசை. ஒரு பையன் குண்டை இழுத்துவிட்டு எண்ணுகிறான், ஒருத்தி ஸ்டாப்வாட்ச், இன்னொருத்தி எழுதுகிறாள். எண்ணுகிறவன் வகுப்பில் வாயே திறக்காத ரகம். "எண்ணத்தானே, நீ பண்ணு" என்று இருப்பதிலேயே சுலபமான வேலையை அவன் தலையில் கட்டியிருந்தார்கள். 10 அலைவுக்கு 18.1 நொடி. அலைவுநேரம் 1.81 நொடி, கணக்குப் போட்டால் ஜி 12.1. எழுதுகிறவள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல, "20.1ன்னு போட்டுடலாமா?" என்றாள். இதுவரை லேபில் அவர்களுக்குக் கிடைத்த பயிற்சி முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. விடை தெரியும், விடைக்குத் தகுந்த மாதிரி ரீடிங்கைப் பின்னாலிருந்து போட்டுக்கொள்ளவும் தெரியும். மற்ற நாளாக இருந்தால் அப்படித்தான் முடிந்திருக்கும். அன்று ஒப்பிடச் சொல்லியிருந்ததால் பக்கத்து மேசைக்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள், அவர்களுக்கு 9.7. "உங்களுக்கு எவ்ளோ?" என்று கேட்டுவிட்டு 12.1ஐப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் எப்படி மாற்றி எழுதுவது? மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

"மிஸ், எங்களுது தப்பா?" என்று கூப்பிட்டார்கள். "பக்கத்து மேசைக்கும் உங்களுக்கும் ஒரே பூமிதானே, அப்ப வேற எது வேற?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். சொல்ல ரொம்பச் சுலபம். ஆனால் நாக்கு நுனியில் விடையை வைத்துக்கொண்டு இரண்டு மேசை தள்ளிப் போய் நிற்பது இருக்கிறதே, அது இந்தத் தொழிலில் யாரும் சொல்லிக்கொடுக்காத வேலை.

அவர்கள் முதலில் சந்தேகப்பட்டது குண்டை. பக்கத்து மேசையின் குண்டை வாங்கி மாட்டிப் பார்த்தார்கள், மாற்றமில்லை. மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்கள். வகுப்பே முணுமுணுத்தது, ஆனாலும் நிறுத்தினோம், அப்போதும் மாற்றமில்லை. நூல் நீளம் தப்பாக இருக்கும் என்று ஸ்டாப்வாட்ச்காரி அடித்துச் சொன்னாள். உடனே அளவுகோலைத் தேடிப் போகாமல், எழுதுகிறவள் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டாள். ஜி 9.8 என்றே வைத்துக்கொள்வோம், 1.81 நொடி வரவேண்டுமானால் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும்? கிட்டத்தட்ட 81 சென்டிமீட்டர். "அப்ப நாம 19 சென்டிமீட்டர் தப்பா அளந்திருக்கணும். அவ்ளோ குருடா நாம?" என்றாள். அந்த இடத்தில் நான் கை தட்டாமல் இருந்ததே பெரிய விஷயம். ஒரு காரணத்தைச் சந்தேகப்படுவது யாருக்கும் வரும். அந்தக் காரணம் இந்த அளவு பிழையை உண்டாக்குமா என்று கணக்குப் போட்டு, உண்டாக்காது என்று தள்ளுவது வேறு திறமை. எந்தச் செய்முறைத் தாளிலும் அதற்கு ஒரு வரி கிடையாது.

அப்புறம் ஏனோ தெரியவில்லை, அலைவு எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தார்கள். ஒருவேளை வேறு எதுவும் தோன்றாததால் இருக்கலாம். 20 எண்ணினால் ஜி 10.9. 50 எண்ணினால் 10.2. அந்த மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்ததும் மேசையில் பேச்சு நின்றது. நூல் அதே நூல், குண்டு அதே குண்டு. எண்ண எண்ண பூமியின் ஈர்ப்பு இறங்குகிறது என்றால் அது பூமியின் கோளாறாக இருக்க முடியாது, எண்ணுவதில்தான் ஏதோ இருக்கிறது. மூன்று பேரும் எண்ணுகிற பையனைப் பார்த்தார்கள், அதாவது அவனும் தன்னையே பார்த்துக்கொண்டான். குண்டை மறுபடி பிடித்து, விடாமல், விரலால் காற்றில் மெதுவாக ஆட்டிக் காட்டினான். "விடும்போதே ஒண்ணு சொல்றேன். ஆனா அப்ப அது இன்னும் ஆடவே இல்லியே." போய் வந்த பிறகுதான் ஒன்று. அவன் பத்து என்று சொல்லி நிறுத்தியபோது ஊசல் ஒன்பது முறைதான் ஆடியிருந்தது.

மற்றதெல்லாம் தானாக விழுந்தது. பத்தில் ஒன்று குறைந்தால் 10 விழுக்காடு, ஐம்பதில் ஒன்று குறைந்தால் 2 விழுக்காடு. ஜி-யின் கணக்கில் அலைவுநேரம் இருமடியில் வருவதால் அந்தப் பிழை அங்கே ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அதனால்தான் எண்ணிக்கை கூடக் கூட 9.8ஐ நோக்கி இறங்கியது. விடும்போது "சுழியம்" என்று சொல்லி ஆரம்பித்தார்கள். 9.8 வந்தது.

அதோடு நின்றிருந்தால்கூட எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். ஆனால் சிரித்தவர்களை விடக்கூடாது இல்லையா. நேராகப் பக்கத்து மேசைக்குப் போய், "உங்களுக்கு ஏன் 9.7?" என்று ஆரம்பித்தார்கள். அந்த மேசைக்காரன் ஒருவன், "10 அலைவு எண்ணினா, நிறுத்தற கை 0.2 நொடி முன்னப்பின்ன ஆனாலே ஜி-யில 0.2 மாறிடும். 9.7ம் 9.8ம் ஒண்ணுதான்" என்றான். நல்ல பதில், சரியான பதிலும்கூட. "அப்ப 50 எண்ணு" என்றார்கள் இவர்கள். 50 எண்ணியும் 9.7தான். பார்த்தால், நூலைச் சரியாக ஒரு மீட்டர் வைத்துவிட்டுக் குண்டின் ஆரத்தைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குண்டு, 1 சென்டிமீட்டர் ஆரம், நீளத்தில் ஒரு விழுக்காடு, ஜி-யிலும் ஒரு விழுக்காடு. 9.7. ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும் என்று நான் வருஷா வருஷம் சொல்கிறேன், வருஷா வருஷம் பாதிப் பேர் மறக்கிறார்கள். இந்த ஆறு பேர் மறக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எல்லா மேசையும் இப்படி ஜொலித்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மேசை தாங்கியின் திருகு வழுக்குகிறது என்று பாதி நேரத்தைத் தொலைத்தது. இன்னொரு மேசைக்கு முதல் தடவையே 9.8 வந்துவிட்டதால் அவர்கள் பையை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சும்மா விடுவது வேறு

இந்த மாதிரிக் கதையைக் கேட்டால் சிலர் உடனே, "பாத்தீங்களா, பிள்ளைங்களை அவங்க போக்குல விட்டாலே போதும், தானா கண்டுபிடிப்பாங்க" என்று கிளம்பிவிடுவார்கள். எனக்கு அதிலும் உடன்பாடு இல்லை. 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் எழுதிய கட்டுரை இந்த விஷயத்தில் பெரிய சண்டையைக் கிளப்பியது. வழிகாட்டல் இல்லாமல் கண்டுபிடிக்க விடுவது புதிதாகக் கற்பவர்களுக்கு உதவாது, ஒரே நேரத்தில் அவர்கள் மனதில் ஏந்திக்கொள்ளக்கூடியது கொஞ்சம்தான், எதைத் தேடுவது என்றே தெரியாமல் தேடுவதில் அந்தக் கொஞ்சமும் செலவாகிவிடும் என்பது அவர்கள் வாதம். அதில் நிறைய உண்மை இருக்கிறது. சூத்திரமே தெரியாத வகுப்பில் நூலையும் குண்டையும் கொடுத்து "கண்டுபிடி" என்று சொல்லியிருந்தால், 12.1 என்ற எண் யாருக்கும் உறுத்தியிருக்காது. உறுத்தாத எண்ணை யாரும் துரத்தமாட்டார்கள். அந்த மூன்று பேரும் சுயமாக யோசித்தார்கள்தான். ஆனால் யோசிக்கத் தேவையான கணக்கும் கருத்தும் அதற்கு முன்பே, கரும்பலகையில், பழைய பாணியில், நான் பேச அவர்கள் கேட்க, நடந்து முடிந்திருந்தன.

பாங்கியும் பெல்லும் 2008இல் இதை நான்கு படிகளாகப் பிரித்து எழுதினார்கள். முதல் படியில் கேள்வி, முறை, விடை மூன்றையும் ஆசிரியரே கொடுத்துவிடுகிறார், மாணவர் சரிபார்க்கிறார். அடுத்ததில் விடை மட்டும் கையில் இல்லை. மூன்றாவதில் கேள்வி மட்டும் ஆசிரியருடையது, முறையை மாணவர்கள் வகுக்க வேண்டும். நான்காவதில் கேள்வியே மாணவருடையது. நம் லேப்களில் பெரும்பாலும் முதல் படியிலேயே குடித்தனம். கருத்தரங்குகளில் பேசுகிறவர்களோ நேரே நான்காவது படியில் ஏறி நின்று கூப்பிடுகிறார்கள். உயர்நிலை வகுப்புக்கு மூன்றாவது படிதான் சரி என்பது என் கட்சி. நல்ல கேள்வி கேட்பது பெரிய ஆராய்ச்சியாளர்களுக்கே வாய்ப்பது கஷ்டம், பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "உனக்குப் பிடித்த கேள்வியைக் கேள்" என்றால் அது கூகுளில் தேடி ஒன்றை எடுத்துக்கொண்டு வரும்.

இன்னொரு விஷயம், இதைப் பிள்ளைகள் கொண்டாடுவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. 12.1 குழுவின் ஸ்டாப்வாட்ச்காரியே கிளம்பும்போது, "நீங்களே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும் மிஸ்" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, களைப்பில் சொன்னாள். ஹார்வர்டில் இயற்பியல் அறிமுக வகுப்புகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்விலும் இதேதான். தாங்களே குழுவாகச் செய்து படித்தவர்கள் தேர்வில் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள், ஆனால் நல்ல சொற்பொழிவைக் கேட்டவர்கள்தான் "நிறையக் கற்றோம்" என்று உணர்ந்தார்கள். தெளிவாக ஒருவர் சொல்லக் கேட்கும்போது நமக்கே புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். தடுமாறும்போது ஒன்றும் ஏறவில்லை என்று தோன்றும். இதை வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சொன்னால் புலம்பல் கொஞ்சம் குறைகிறது, முழுசாக நிற்பதில்லை.

மூன்று பேர்

மேசைக்கு ஏன் மூன்று பேர்? மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா ஹெல்லரும் மார்க் ஹொல்லபாவும் இயற்பியல் கணக்குகளைக் குழுவாகப் போட வைத்துப் பார்த்து 1992இல் எழுதியதிலிருந்து எடுத்துக்கொண்டது அது. இரண்டு பேர் என்றால் யோசனை வறண்டுவிடுகிறது, நான்கு பேர் என்றால் ஒருவர் ஒதுங்கிவிடுகிறார், மூன்றுதான் நன்றாக ஓடியது. இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் இருந்த குழுக்களில், அவளிடம் நல்ல யோசனை இருந்தாலும் மற்ற இருவரும் அதை அமுக்கிவிட்டார்கள் என்பதையும் கவனித்தார்கள். அதனால் ஒரு குழுவில் ஒரே ஒரு பெண் என்று நான் போடுவதில்லை. அவர்கள் பிரித்துக் கொடுத்த பொறுப்புகளில் ஒன்றுக்குச் சந்தேகப்படுவதே வேலை. "நிச்சயமா? வேற மாதிரி இருக்க முடியாதா?" என்று அவர் கேட்டே ஆகவேண்டும். சந்தேகப்படுவதைப் பதவியாக்கிவிட்டால் சண்டை தனிப்பட்ட சண்டையாக மாறுவதில்லை. இது என் வகுப்பில் நன்றாக வேலை செய்கிறது. பொறுப்புகளை ஒவ்வொரு வகுப்பிலும் மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அழகான கையெழுத்து உள்ள பெண் பள்ளி முடியும் வரை எழுதிக்கொண்டே இருப்பாள்.

ஊசலில் பக்கத்து மேசை தேவைப்பட்ட மாதிரி, வகுப்பு முழுவதுமே ஒன்றுக்கொன்று தேவைப்படும் சோதனைகளும் உண்டு. சவ்வூடு பரவலுக்கு, அதாவது சவ்வு வழியாக நீர் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்க்க, உருளைக்கிழங்குத் துண்டுகளை உப்புக் கரைசலில் போடுகிற சோதனை எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு குழுவும் எல்லாச் செறிவையும் செய்யாமல், ஆளுக்கொரு செறிவை எடுத்துக்கொண்டு, எடை எவ்வளவு ஏறியது இறங்கியது என்ற புள்ளியைப் பொது வரைபடத்தில் வந்து வைக்க வேண்டும். எடை மாறாமல் நிற்கிற செறிவு எது என்பதுதான் கேள்வி. ஒரு குழுவின் புள்ளி மட்டும் கோட்டை விட்டு எங்கோ தள்ளி விழுந்தால் வகுப்பே அவர்களைத் திரும்பிப் பார்க்கும். துண்டை ஈரம் ஒற்றாமல் எடை போட்டிருப்பார்கள், அநேகமாக. மின்னழுத்தம் கூடுகிற அதே விகிதத்தில் மின்னோட்டமும் கூடும் என்கிற ஓம் விதிக்கும் மின்தடையோடு நிறுத்தாமல் ஒரு சின்ன இழை பல்பையும் கொடுத்து, "இது விதிக்குக் கட்டுப்படுகிறதா?" என்று கேட்டுவிட்டால் போதும். சூடாக ஆக இழையின் தடை பல மடங்கு ஏறுவதால் கோடு வளைகிறது. நேர்கோடு வரவில்லையே என்று அளவுகோலை வைத்து நேராக இழுத்துவிடுகிற குழு ஒன்றாவது இருக்கும். அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும் இப்படித் திறந்துவிட முடியாது, விடவும் கூடாது. அடர் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது நீரில் அமிலத்தைச் சேர்க்க வேண்டுமா, அமிலத்தில் நீரைச் சேர்க்க வேண்டுமா என்பது பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை. நீரில்தான் அமிலம், கொஞ்சம் கொஞ்சமாக, கலக்கிக்கொண்டே, கண்ணாடி அணிந்துகொண்டு. அதில் விவாதமே கிடையாது. அம்மீட்டரை மின்கலத்துக்குக் குறுக்கே பக்க இணைப்பில் மாட்டினால் என்ன ஆகும் என்பதையும் நான் முன்பே சொல்லிவிடுகிறேன். அதன் தடை மிகக் குறைவு, மின்னோட்டம் எகிறும், உருகி போகும், சில சமயம் கருவியே போகும். ஊசலில் ஒன்பதைப் பத்தென்று எண்ணினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, திரும்பச் செய்யலாம். எந்தத் தவறை அனுமதிப்பது என்று தேர்ந்தெடுப்பதில்தான் ஆசிரியரின் வேலை பெரும்பகுதி கழிகிறது, அது பிள்ளைகள் உள்ளே வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டிய வேலை.

நேரமும் மதிப்பெண்ணும்

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சக ஆசிரியர் சொன்னது: "நல்லாத்தான் இருக்கு. பாடத்தை எப்ப முடிப்பீங்க?" நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் கிடையாது. ஊசல் ஒன்றே வழக்கத்தைவிட இரண்டு பங்கு நேரத்தைத் தின்றது. எல்லாச் சோதனையையும் இப்படிச் செய்ய முடியாது. சிலவற்றை மட்டும் இப்படிச் செய்துவிட்டு, மீதியை அவர் செய்கிற மாதிரியே முன்னால் நின்று செய்து காட்டிவிடுகிறேன். அவர் செய்து காட்டுவது நன்றாகவே இருக்கும், நானே பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஏதாவது ஒரு சோதனையில் ஆளுக்கு ஆள் வேறு விடை வர வழியே இல்லை என்றால், அதைச் செய்து காட்டுவதுதான் மரியாதை. குழுவாக நிற்கவைத்து நாடகம் போட வேண்டாம்.

மதிப்பெண்ணில்தான் இடிக்கிறது. விடைக்கு மதிப்பெண் என்று வைத்தால், 20.1 என்று மாற்றி எழுதுகிற குழுவுக்குத்தான் முழுசாகக் கிடைக்கும். அதனால் ரெக்கார்டு நோட்டில் இரண்டு விதிகள் வைத்திருக்கிறேன். அழிப்பான் கூடாது, தப்பான ரீடிங்கை ஒரே கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் ஏன் என்று எழுத வேண்டும். அப்புறம், குழுவில் யாரைக் கூப்பிட்டுக் கேட்பேன் என்று சொல்லமாட்டேன், அந்த ஒருவர் விளக்குவதை வைத்துத்தான் மூவருக்கும் மதிப்பெண். இரண்டாவது விதி கூச்ச சுபாவம் உள்ளவர்களைப் படுத்துகிறது என்பது உண்மை. அவர்கள் மேசைக்கே போய் உட்கார்ந்து கேட்கிறேன், எழுந்து நிற்கச் சொல்வதில்லை. ஓரளவு சரியாகிறது.

12.1 நோட்டு பார்க்கச் சகிக்காது, பக்கமெல்லாம் அடித்தல். அதற்கு முழு மதிப்பெண் போட்டேன். முதல் தடவையே 9.8 எடுத்துவிட்டுப் பையை மூடியவர்களின் நோட்டு அச்சடித்த மாதிரி இருந்தது, ஆனால் ஒப்பிட்டதாகவோ திருத்தியதாகவோ ஒரு வரிகூட இல்லை, அதனால் குறைத்துவிட்டேன். அந்தக் குழுப் பையன் ஒருவன் நோட்டோடு வந்து நின்றான். "விடை சரிதானே மிஸ்? அப்புறம் எதுக்கு 50 எண்ணணும்?" கேள்வி நன்றாக இருந்தது. வீச்சு, அதாவது குண்டை எவ்வளவு தள்ளி இழுத்துவிடுகிறோம் என்பது, எவ்வளவாக இருந்தாலும் அலைவுநேரம் மாறாது என்று பாடத்தில் படித்திருக்கிறார்கள், சின்னக் கோணங்களுக்கு அது போதும். ஆனால் 10 பாகையில் விட்டதையும் 20 பாகையில் விட்டதையும் ஒப்பிட்டால் அலைவுநேரத்தில் சுமார் 0.6 விழுக்காடு வித்தியாசம் இருக்கிறது. 10 அலைவு எண்ணினால் அது 0.12 நொடி, நிறுத்துகிற விரலின் தாமதத்துக்குள்ளேயே மறைந்துவிடும். 50 எண்ணினால் அரை நொடி அளவுக்கு வரும், கண்ணில் படும். அடுத்த லேபுக்கு அவன் குழுவுக்கு அந்தச் சோதனையைத்தான் கொடுத்திருக்கிறேன். இரண்டு கோணங்களிலும் அலைவுநேரம் ஒன்றுதானா என்பது மட்டும்தான் தாளில் இருக்கிறது. எத்தனை அலைவு எண்ண வேண்டும் என்று எழுதவில்லை.